லென்கோ, தோரன்ஸ், டெக்னிக்ஸ்: பிரித்து மாட்டுவதில் எது கைக்கு அடங்கும்?

இசைத்தட்டைச் சுழற்றி ஓட்டும் பழைய டர்ன்டேபிள் வாங்கும்போது பலர் ஒலியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, மோட்டாரின் சுழற்சி தட்டுக்கு (இசைத்தட்டு உட்காரும் உலோகத் தட்டுக்கு) எப்படிப் போகிறது என்பதை. ரப்பர் சக்கரம் வழியாகவா, பெல்ட் வழியாகவா, நேரடியாகவா? ஐம்பது வருடத்தில் எது கெட்டிருக்கும், அதை வீட்டு மேஜையிலேயே சரிசெய்ய முடியுமா என்பதற்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது. மூன்று வகைக்கும் அதே வரிசையில் ஒவ்வொரு மாடலை எடுத்துக்கொள்வோம்: 1960-களில் வந்த லென்கோ எல்75, 1972-இல் வந்த தோரன்ஸ் டிடி 160, 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2.

ஒரு கணக்கைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். லென்கோவின் நான்கு துருவ மோட்டார், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுழலும். அதன் அதிர்வு 25 ஹெர்ட்ஸை ஒட்டி விழுவதால் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கும். தோரன்ஸின் 16 துருவ சிங்க்ரனஸ் மோட்டாருக்கு, அதாவது மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டு ஓடும் மோட்டாருக்கு, 375 சுற்று. டெக்னிக்ஸில் தட்டும் மோட்டாரும் ஒன்றேதான் என்பதால் மோட்டாரின் வேகமும் 33⅓.

லென்கோ எல்75

பிரிப்பதற்கு இதைவிடத் திறந்த மெஷின் கிடையாது. ஏறக்குறைய நாலு கிலோ தட்டைத் தூக்கினால் எல்லாமே கண்ணெதிரே இருக்கும்: கூம்பு வடிவ மோட்டார் தண்டு, அதன் மேல் செங்குத்தாக உருண்டு தட்டைச் சுழற்றும் ஐட்லர் என்ற ரப்பர் சக்கரம், அதை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங். தட்டு சரிவான தண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் சில சமயம் இறுகிப்போயிருக்கும். தட்டை இரண்டு கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, தண்டின் தலையில் மரத்துண்டு வைத்து இன்னொருவரை லேசாகத் தட்டச் சொல்லுங்கள். நேரே சுத்தியலால் அடித்தால் அடி, தண்டைத் தாங்கும் பேரிங்கின் அடியில் உள்ள குண்டுக்குப் போய்ச் சேரும்.

முக்கால்வாசிப் புகார் சக்கரத்தில்தான். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். ‘டப்’ சத்தம் சுற்றுக்கு ஒரு முறை வந்தால் தட்டையோ இசைத்தட்டையோ பாருங்கள். அந்த 1.8 விநாடிக்குள் பல முறை வந்தால் சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. மெஷினின் லீவரை ‘ஆன்’ நிலையிலேயே விட்டுவிட்டு, சுவர் சுவிட்சில் அணைக்கும் பழக்கம் இருந்த வீடுகளில் இது சகஜம். லீவரைத் திருப்பினால்தான் சக்கரம் தட்டிலிருந்து விலகும். ரப்பர் வெறுமனே பளபளப்பாகி வழுக்கினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 400 எண் எமரித் தாளை லேசாகக் காட்டினால் போதும். பள்ளமே விழுந்திருந்தால் தேய்த்து வட்டமாக்கப் பார்க்காதீர்கள், புது ரப்பர் போடுவதுதான் வழி. சக்கரத்தின் அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அது விளிம்புக்கு வழிந்தால் மறுபடி துடைக்கும் வேலை. சக்கரம் வழுக்குகிறதே என்று ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவார்கள். பிடி கூடும், கூடவே மோட்டாரின் உறுமலும் தட்டுக்கு ஏறும்.

மோட்டாரைப் பிரித்தால் கவனிக்க வேண்டியது தண்டைத் தாங்கும் வளையங்களான புஷ்கள். அவற்றைச் சுற்றியுள்ள ஃபெல்ட்டில் மெல்லிய மெஷின் எண்ணெயை ஊறவிட்டு மூடுங்கள். மூடி ஸ்குரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் தண்டை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் டைட் வைத்தால் புஷ்கள் நேர்கோட்டை விட்டு விலகி, தண்டு பிடித்துக்கொள்ளும்.

இந்த மெஷினின் பலவீனம் ஊசியைத் தாங்கும் கையான ஆர்ம். மேலும் கீழும் அசைவதற்கு அது உட்காரும் இரண்டு ‘வி’ வடிவ ரப்பர் கட்டைகள் இன்று பெரும்பாலும் பொடிந்தே இருக்கும். டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக், பித்தளை ஆகியவற்றில் மாற்றுக் கட்டைகள் கிடைக்கின்றன. மாட்டுவது கஷ்டமில்லை. கத்திமுனை போன்ற அச்சு இரண்டு பக்கமும் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்ததா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தோரன்ஸ் டிடி 160

இங்கே பிரிப்பது அரைமணி நேர வேலை, திரும்ப நிலைக்குக் கொண்டுவருவதுதான் நாள் பிடிக்கும். தட்டும் ஆர்மும் சேர்ந்த உள்சட்டம் மூன்று ஸ்பிரிங்கில் மிதக்கிறது. தட்டை மாட்டிய பிறகு சட்டத்தை லேசாக அழுத்தி விட்டால் அது நேராக மேலும் கீழும் ஆடி அடங்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினாலோ சுழன்று ஆடினாலோ அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை இருந்த இடத்திலேயே கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் ஆட்டம் சரியில்லாமல் போவதற்கு அடிக்கடி காரணம் ஆர்மிலிருந்து வரும் ஒயர்தான். அது விறைப்பாக இருந்தால் நாலாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். தளர்ந்த வளைவாக விட்டு, அந்த வளைவுக்கு அப்பால் மரப்பெட்டியில் கிளிப் போடுங்கள்.

பேரிங் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய மீட்டர் எதுவும் வேண்டாம். பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்து, சில சொட்டு புது எண்ணெய் விட்டு, உள்தட்டின் தண்டைக் குழிக்குள் விடுங்கள். அடைபட்ட காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கினால் இடைவெளி சரி. ‘தொப்’ என்று விழுந்தால் தேய்மானம். கையால் அழுத்தி இறக்கினால் எண்ணெய் மேலே பிதுங்கி பெல்ட்டுக்குப் போகும்.

வேகத்தில் ஒரு பொறி உண்டு. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் விற்ற மெஷினை 50 ஹெர்ட்ஸ் உள்ள நம் ஊரில் ஓட்டினால் 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். பெல்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை, மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் உருளையான புல்லியே 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக வேண்டும். லென்கோவில் இந்தச் சங்கடம் குறைவு. சக்கரத்தைக் கூம்பின் மேல் நகர்த்தி, வேக லீவர் நிற்கும் தடுப்பைப் புது இடத்தில் வைத்தால் தீர்ந்தது.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2

மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் எதுவானாலும் இதற்குக் கவலையில்லை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் குவார்ட்ஸ் படிகம் பார்த்துக்கொள்ளும். தட்டின் விளிம்பிலுள்ள பெரிய புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றால் வேகம் சரி. பெல்ட்டும் இல்லை, சக்கரமும் இல்லை. ஆனால் கெடும்போது சாலிடரிங் அயர்ன் தெரியாதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தட்டிலுள்ள இரண்டு துளைகளில் விரலை விட்டு நேராகத் தூக்க வேண்டும். அடியில் மோட்டாரின் காந்தம் ஒட்டியிருக்கும். மேஜையில் கிடக்கும் சின்ன ஸ்குரூ அதில் போய் ஒட்டி, தட்டை மாட்டும்போது காயிலைச் சுரண்டிய கதைகள் நிறைய. அடிப்பக்க ரப்பர் தளத்தில் ஸ்குரூக்கள் ஏராளம். அட்டையில் படம் வரைந்து, எடுத்ததை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

வழக்கமான கோளாறுகள் சில. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரில் தூசி சேர்ந்து வேகம் தாவும், கான்டாக்ட் கிளீனர் போதும். சிக்னல் ஒயர் ஆர்மின் அடியில் முறிந்து ஒரு பக்கம் ஊமையாகும், ஐந்து இடத்தில் சாலிடர் வைத்தால் தீரும். வேகம் நிலைக்காமல் அலைந்தால் முதலில் பவர் பக்கத்துக் கெபாசிட்டர்களையும் விரிசல் விட்ட சாலிடர்களையும் பாருங்கள். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால்தான் மோட்டாரை ஓட்டும் ஐசி (சிப்) மீது சந்தேகம், அங்கே கை வைப்பதற்குள் பழைய ஸ்டாக் ஐசி கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். டிஜே கையில் உழைத்த மெஷின் என்றால் ஆர்ம் பேரிங்கைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது: ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னாலுள்ள எதிர் எடையைச் சமன் செய்து ஆர்மை மிதக்கவிட்டு ஊதிப் பாருங்கள். ஓரிடத்தில் தயங்கி நின்றால் வேலை பெரியது.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. பழைய மெஷின்களில் பவர் சுவிட்சின் குறுக்கே போட்டிருக்கும் பேப்பர் கெபாசிட்டர் வெடித்துப் புகைவது உண்டு. மெயின் மின்சாரத்துக்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகையில் அதே மதிப்புள்ளதைப் போட்டுவிட்டுத்தான் நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே மூடியைத் திறப்பது நல்லது, சுவிட்சை நம்பாதீர்கள்.

மெக்கானிக் வேலை பழக நினைப்பவருக்கு என் ஓட்டு லென்கோவுக்குத்தான். தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும். ஓடுகிற நிலையில் டெக்னிக்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ‘சின்ன ஃபால்ட்தான், ஐசி போயிருக்கும்’ என்று சொல்லி விற்பவரிடம் மட்டும் ஒதுங்குங்கள். தோரன்ஸ் பொறுமைசாலிக்கு ஏற்றது, அடிக்கடி மேஜை மாற்றும் வீட்டுக்கு ஆகாது.

எதை வாங்கினாலும் கூரியரில் வருவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், எதிர் எடையைக் கழற்றி ஆர்மைக் கட்ட வேண்டும், தோரன்ஸ் என்றால் உள்சட்டம் அசையாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும்.