முடியா, எச்சிலா? மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் எதில் சரியாகத் தெரியும்?

எச்சில் பரிசோதனை அந்த நேரத்து நிலவரத்தைத்தான் சொல்லும். தூங்கி எழுந்த அரை மணி நேரத்தில் கார்டிசோல் உச்சிக்குப் போகும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். அதனால் எச்சில் எடுக்கும் பஞ்சை வாயில் வைத்த நேரம் கொஞ்சம் தள்ளிப்போனாலே கணக்கு மாறிவிடும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான்.

முடி அவசரப்படாது. மாதம் சுமார் 1 செ.மீ. வளர்வதால், பின்னந்தலையில் தோலை ஒட்டி நறுக்கிய 3 செ.மீ. முடியில் கடந்த மூன்று மாதக் கணக்கு இருக்கும். நுனியை நோக்கிப் போகப்போக, தலைக்குக் குளித்துக் குளித்தே கார்டிசோல் கரைந்துபோயிருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய கதையை நம்ப முடியாது. ப்ளீச், சாயம், ஸ்டீராய்டு மருந்து எல்லாம் குழப்பும். வழுக்கைத் தலையர்களுக்கு இந்த வழியே இல்லை!

நீண்டகால அழுத்தம் என்றால் என் ஓட்டு முடிக்குத்தான். ஆனால் ஒன்று: ‘எனக்கு ரொம்ப டென்ஷன்’ என்று ஒருவர் சொல்வதும் அவர் முடி காட்டும் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. உடலில் கார்டிசோல் அளவுக்கு மீறிப்போகும் குஷிங் நோய் சந்தேகம் வந்தால், மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் பரிசோதனைகளில் ஒன்று நள்ளிரவு எச்சில்.