சீனத் தட்டுக்கு இணை தேடிப் போன தக்கலைக் கடை

எங்கள் வீட்டில் ஆச்சி காலத்திலிருந்து "சீனத் தட்டு" என்று பொத்திப் பாதுகாத்துவந்த இரண்டு நீலத் தட்டுகளுள் ஒன்று உடைந்துபோனது. அதற்கு இணை தேடி, மற்றதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு பழம்பொருள் கடைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன்.

கடைக்காரர் விலை பேசத் தொடங்கவில்லை. தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது சீனத்துத் தட்டு அல்ல என்றார். பாலத்தின்மேல் மூன்று மனிதர்கள், ஒரு வில்லோ மரம், வானத்தில் இரண்டு பறவைகள் என அமைந்த அந்தச் சித்திரம், சீனப் பாத்திரங்களைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. செப்புத் தகட்டில் செதுக்கியதை மெல்லிய தாளில் ஒற்றியெடுத்துத் தட்டில் பதிப்பதால், விளிம்புக் கோலத்தின் இரு முனைகள் ஓரிடத்தில் பொருந்தாமல் நிற்கும். தூரிகையால் வரைந்த சீனத் தட்டில் அத்தகைய ஒட்டு விழாது. பின்புறத்தில் "இங்கிலாந்து" என்ற முத்திரையும் இருந்தது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகே அது பரவலானது என்பதால், எங்கள் தட்டு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பிறகு ஒரு சீனக் கிண்ணத்தையும் விளிம்பு பெயர்ந்த டச்சு ஓடு ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினார். இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். சீனாவின் ஜிங்டெஜென் நகரத்துக் குயவர்கள் கயோலின் என்னும் வெண்களிமண்ணையும் ஒருவகைக் கல்லின் பொடியையும் கலந்து, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டார்கள். அதனால் கிண்ணத்தின் உடலே வெண்மையாக இருக்கிறது, வெளிச்சமும் ஊடுருவுகிறது. 17ஆம் நூற்றாண்டில் மிங் ஆட்சியின் வீழ்ச்சியால் சீனச் சரக்கு வருவது குறைந்தபோது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் சாதாரண மண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சைப் பூசி, நீலத்தில் வரைந்து அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் மங்கிய மஞ்சள் மண் தெரிகிறது. ஐரோப்பாவில் உண்மையான பீங்கான் ஆலை ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இல்தான் தொடங்கியது. டச்சுக்காரர் என்றால் நம் பகுதியில் 1741ஆம் ஆண்டின் குளச்சல் போர்தான் நினைவுக்கு வரும். அதில் திருவிதாங்கூரிடம் தோற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் சீனப் பாத்திரங்களையும் லட்சக்கணக்கில் ஐரோப்பாவுக்கு ஏற்றிச்சென்றது.

கிண்ணத்தை விரலால் தட்டி, மந்தமாக ஒலிப்பதைக் கேட்கச் செய்து, உள்ளே மயிரிழை விரிசல் இருப்பதை அவரே சொன்னார். அந்த நேர்மை முன்கட்டில் இல்லை. அங்கே வரிசையாக நிற்கும் ஊறுகாய்ப் பரணிகள் அனைத்திலும் "சீனப் பரணி" என்றே சீட்டு தொங்குகிறது. கேட்டபோது, எல்லாம் சீனாவிலிருந்து வந்தவை அல்ல என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் சீட்டை மாற்றியாக வேண்டும். உள்ளே வெளிச்சமும் போதாது. எதையும் வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வில்லோ தட்டொன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்ததால் பேருந்துப் பயணத்தில் சேதமில்லை. உடைந்த தட்டின் துண்டுகளை எறிந்துவிடாமல் கொண்டுவந்தால் உள்மண்ணைப் பார்த்து மேலும் சொல்ல முடியும் என்றார். அவற்றை ஒரு டப்பாவில் எடுத்துவைத்திருக்கிறேன்.