கரும்புக் காட்டில் அந்நியக் கருவி: சிக்னல் வலிமையா, அலைவெண் விலகலா?

டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கத்தில், ஒரு கரும்புத் தோட்டத்தின் மண் ஈரச் சென்சார்களைப் பராமரிக்கிறேன். எல்லாம் 868 மெகாஹெர்ட்ஸில் பேசும் லோரா கருவிகள்; குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் ரேடியோ முறை அது. ஒன்று திருடுபோனால், அதிலிருக்கும் முகவரியையும் ரகசியச் சாவியையும் எடுத்து வேறொரு கருவியில் போட்டுவிட முடியும். அப்போது போலியைக் காட்டிக்கொடுக்க அதன் சிக்னல்தான் மிச்சம்.

எல்லோரும் முதலில் நாடுவது சிக்னல் வலிமை. ரிசீவர் சிப்பே ஒவ்வொரு செய்தியோடும் தந்துவிடுகிறது, தனிச் செலவில்லை. ஆனால் அது கருவியைப் பற்றிச் சொல்வதைவிட, கருவி நிற்கும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. இங்கே கரும்பு 12 முதல் 18 மாதம் வரை நிற்கிறது, ஆளுயரம் தாண்டுகிறது, மழையில் நனைந்த தோகை சிக்னலை விழுங்குகிறது. சென்ற அறுவடை முடிந்த மறுநாள், வெட்டவெளியில் பலமாகக் கேட்ட எங்கள் சென்சார்களையே அந்நியம் என்று எச்சரித்தது நான் அமைத்த நிரல். இரண்டு நாள் வயலெங்கும் நடந்த பிறகே காரணம் புரிந்தது. போலிக் கருவி தன் ஆற்றலைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றவும் முடியும். சென்சார்களின் செய்திகளை வாங்கும் நிலையங்களான கேட்வேக்கள் இரண்டில் பதிவாகும் வலிமையின் வித்தியாசத்தைப் பார்த்தால் அந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. கரும்பு வளர்வதற்கோ அதனாலும் மருந்தில்லை.

அலைவெண் விலகல், அதாவது குறித்த அலைவெண்ணிலிருந்து கருவி எவ்வளவு தள்ளிப் பேசுகிறது என்பது, கருவியின் உடம்பிலேயே இருக்கிறது. அலைவெண்ணை நிர்ணயிப்பது கருவிக்குள் அதிரும் ஒரு படிகம்; எந்த இரண்டு படிகமும் அச்சாக ஒரே அலைவெண்ணில் அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் 10 பங்கு பிழை என்றாலே 868 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8.7 கிலோஹெர்ட்ஸ் விலகும். எஸ்எக்ஸ்1276 போன்ற லோரா சிப்கள் இதைத் தாமே மதிப்பிட்டுச் சொல்லும். வெயிலில் படிகம் நகரும் என்பது உண்மை. சென்சார் தன் வெப்பநிலையையும் அனுப்பினால் அதைக் கழித்துவிடலாம். கரும்பு உயர்ந்தாலும் வெட்டப்பட்டாலும் இந்த எண் மாறுவதில்லை. அலைவெண்ணை மென்பொருளாலேயே மாற்றக்கூடிய மென்பொருள் ரேடியோ வைத்திருப்பவன் இதையும் போலி செய்யலாம். அதற்கு அவன் முதலில் எங்கள் கருவியின் விலகலை அளந்தாக வேண்டும்.

மூன்றாவது வழி, சிக்னலின் மூல அலைவடிவத்தை, மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் நிரலான நரம்பியல் வலைக்கு ஊட்டுவது. ஆய்வகத்தில் அழகாக இருக்கும். வேறொரு நாளின் சிக்னலைக் கொடுத்தால் தடுமாறும். தெரிந்த கருவிகளை மட்டும் காட்டிப் பழக்கிய வலை, புதியதையும் அவற்றில் ஒன்றாகவே பெயரிடும். ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இடம் வைக்காத எந்த முறையையும் தோட்டத்துக்குள் நான் விடமாட்டேன்.

ஆகவே என் தேர்வு அலைவெண் விலகல்; வலிமை வித்தியாசம் பக்கச் சாட்சி. மின்வெட்டு முடிந்து கேட்வே குளிர்ந்த நிலையில் எழும்போது அதன் படிகமும் சற்று விலகியிருக்கும். அப்போது எல்லாச் சென்சார்களும் ஒரே அளவு நகர்ந்ததுபோலத் தெரியும். அந்தப் பொது நகர்வைக் கழித்த பிறகும் தனித்து விலகி நிற்பதைத்தான் தேடிப் போகிறேன்.