கள்ளு பழகிய நாக்குக்கு ஒரு பெர்லின் பீர்

சித்தி பையன் பெர்லினில் வேலை பார்க்கிறான். போன சித்திரையில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபோது பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்து நான்கு பாட்டில் பெர்லினர் கிண்டில் வைஸ என்கிற புளிப்பு பீர் கொண்டு வந்தான். 330 மில்லி பாட்டில், ஆல்கஹால் 3 சதவீதம்தான். ஸ்ட்ராங் பீர் என்று 8 சதவீதம் வரை விற்கிற ஊரில் இதைப் பார்த்தால் யாருக்கும் "இதைக் குடிச்சு என்னத்துக்கு" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இப்போது தோன்றவில்லை.

புளிப்பு பீர் எனக்குப் புதிது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் ஒரு இடத்தில் இதே பெர்லினர் வைஸ என்று பெயர் எழுதி, மாம்பழக் கூழ் கலந்து ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி காடி நெடி. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அன்றிலிருந்து புளிப்பு பீர் என்றாலே கெட்டுப்போனதை விற்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அது தப்பு என்று இந்தப் பாட்டிலைத் திறந்த அன்றுதான் தெரிந்தது, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் பாட்டிலை ஃபிரீசரில் வைத்து நன்றாகச் சில்லென்று ஆக்கி நாங்களே கெடுத்துவிட்டோம், வாசனையே வரவில்லை. இரண்டாவதை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடம் திண்ணையில் வைத்துவிட்டுத் திறந்தோம். சோடா மாதிரி ஒரு சீறல், வெள்ளை நுரை மளமளவென்று ஏறி அதே வேகத்தில் இறங்கிவிட்டது. நிறம் வெளுத்த மஞ்சள். முதலில் வந்தது எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம், அப்புறம் காலையில் பொங்கி நிற்கிற இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். வாயில் வைத்ததும் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுருக்கென்று பிடிக்கிறது, ஆனால் பல் கூசவில்லை. தொண்டைக்குக் கீழே போனதும் புளிப்பு அப்படியே அறுந்துவிடுகிறது. கசப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இனிப்பும் இல்லை. கோதுமையின் ஒரு மெல்லிய மாவுத்தன்மை மட்டும் கடைசியில் நாக்கில் நிற்கிறது, அதுவும் அடுத்த வாய்க்குள் போய்விடுகிறது. வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக அடிக்கிற மதியத்தில் இதைவிடத் தோதான பீரை நான் குடித்ததில்லை.

இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பார்லி மால்ட்டோடு (முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட்) கோதுமை மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள், கோதுமை பாதி வரைக்கும் இருக்கும். பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூ பேருக்குத்தான், ஏனென்றால் ஹாப்ஸ் அதிகமானால் புளிக்க வைக்கிற பாக்டீரியா வேலை செய்யாது. ஈஸ்ட் ஒரு பக்கம் ஆல்கஹாலை உண்டாக்க, லாக்டோபேசில்லஸ் என்கிற அந்த பாக்டீரியா இன்னொரு பக்கம் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அதாவது தயிர் புளிப்பு. நான் பெங்களூரில் குடித்ததில் இருந்தது காடிப் புளிப்பு, அசிட்டிக் அமிலம். அது இந்த பீரில் தலைதூக்கினால் பீர் கெட்டுவிட்டது என்றே சொல்லலாம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: தயிரில் இருக்கிற ஒரு முக்கியமான பாக்டீரியா இனத்துக்கு லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி என்று பெயர். அந்தப் பெயர், பெர்லினில் பீர் காய்ச்சுவதையே ஆராய்ச்சியாகச் செய்த மாக்ஸ் டெல்புரூக்கின் பெயரில் இருந்து வந்தது. நம் வீட்டுத் தயிர்ச் சட்டிக்கும் பெர்லின் பீர்ப் பீப்பாய்க்கும் அப்படி ஒரு சொந்தம்.

ஆனால் இங்கே எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ளத் தயிர்கூட வேண்டாம், கள்ளு போதும். எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்துக்கே கள்ளு அனுப்புகிற பூமி. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987-இல் இருந்து கள்ளுக்குத் தடை, அதனால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் கோபாலபுரம் தாண்டி இந்தப் பக்கம் வந்து குடித்துவிட்டுப் போவதைச் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் தெளுவு, வெறும் இனிப்பு. சுண்ணாம்பு இல்லாமல் காலையில் இறக்கினது இளங்கள்ளு, அதில் இனிப்பும் புளிப்பும் சரிபாதி. வெயில் ஏற ஏறப் புளிப்பு ஏறும், மறுநாள் ஆனால் மூத்துப்போய்க் காடியின் பக்கம் சாயும். இந்தப் படிகளை எல்லாம் நாக்கிலேயே கணக்கு வைத்திருக்கிற ஊர்க்காரனுக்குப் புளிப்பு என்பது ஒரே ருசி இல்லை.

அதனால்தான் ஒரு கிளாஸைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் மரம் ஏறிப் பாளை சீவினவர், இப்போது முழங்கால் விடுவதில்லை. கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் உறிஞ்சிக் கன்னத்துக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து முழுங்கினார்.

"விடியால எறக்கி மத்தியானம் வரைக்கும் வெச்ச கள்ளாட்ட இருக்குது கண்ணு. இனிப்பு எல்லாம் போயிருச்சு, ஆனா சுத்தமா இருக்குது. கலயத்தை நல்லாக் கழுவியிருக்கறான்."

இதற்கு மேல் ஒரு விமர்சனம் என்னால் எழுத முடியாது. கலயம் சரியாகக் கழுவாவிட்டால் கள்ளில் ஏறுகிற அந்தப் பழைய வாடைதான் பெங்களூர் கிளாஸில் இருந்தது என்பது அவர் இதைச் சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் சிரப் விஷயம். பெர்லினில் இதை அப்படியே குடிப்பவர்கள் குறைவு என்கிறான் தம்பி. அகன்ற கிண்ணம் போன்ற கிளாஸில் ஊற்றி, சிவப்பு ராஸ்பெர்ரி சிரப்பையோ பச்சை வால்ட்மைஸ்டர் சிரப்பையோ கலந்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பார்களாம். வால்ட்மைஸ்டர் என்பது அங்கே காட்டில் வளர்கிற ஒரு சின்னச் செடி, காய்ந்த வைக்கோல் வாசம் அடிக்கும். அவன் கொண்டு வந்ததில் ஒரு பாட்டில் பச்சை சிரப் ஏற்கெனவே கலந்து அடைத்தது. திறந்து பார்த்தேன். திருவிழாவில் விற்கிற கலர் சோடா மாதிரி இருக்கிறது, புளிப்பு எங்கோ அடியில் போய் ஒளிந்துகொண்டது. குழந்தைகளுக்குக் காட்டவே கூடாத அளவுக்குக் கவர்ச்சியான பச்சை. எனக்குப் பிடிக்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

ஆனாலும் சிரப் சேர்க்கிற யோசனை தப்பில்லை என்று தோன்றியதால், மீதம் இருந்த வெறும் வைஸயில் அரை கிளாஸுக்கு ஒரு டீஸ்பூன் நன்னாரி சர்பத் விட்டுப் பார்த்தேன். ஒரு டீஸ்பூன்தான். நன்னாரியின் மண்வாசமும் அந்தத் தயிர்ப் புளிப்பும் சேர்ந்து நன்றாகவே பொருந்தின. இரண்டாவது டீஸ்பூன் விட்டதும் வெறும் சர்பத்தாகிவிட்டது. செய்து பார்க்கிறவர்கள் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள: கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்தி வறுவலும். மத்தியின் எண்ணெய் நாக்கில் படிந்து நிற்கும்போது ஒரு வாய் வைஸ குடித்தால் எலுமிச்சை பிழிந்து துடைத்துவிட்ட மாதிரி வாய் சுத்தமாகிறது. காரம் அதிகம் உள்ள கறிக்கு இது ஆகாது, புளிப்பும் மிளகாயும் சேர்ந்து நாக்கை எரிக்கிறது. சிக்கன் சுக்காவோடு முயன்று பார்த்து நிறுத்திவிட்டோம். வேர்க்கடலை பரவாயில்லை.

குறை என்று சொன்னால், அடர்த்தி கொஞ்சம் போதாது. பாதி கிளாஸுக்கு மேல் காற்று இறங்கிவிட்டால் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் மெதுவாக உட்கார்ந்து குடிக்கிற பீர் இல்லை இது. நெப்போலியனின் படைவீரர்கள் இதை வடக்கின் ஷாம்பெயின் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் புகழுக்கு ஏற்ற மாதிரி இன்னும் ஏதோ ஒரு அடுக்கு வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பழைய நாளில் ப்ரெட்டனோமைசிஸ் என்கிற காட்டு ஈஸ்டோடு பாட்டிலிலேயே மாதக்கணக்கில் முதிர வைப்பார்களாம், பழவாசம் அதில்தான் வரும். இந்த வகை பீர் எதையும் இங்கே பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. கிடைக்கிறவர்கள் சிரப் கலக்காத பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். இதோடு உறவுள்ள கோஸ என்று இன்னொரு பீர் லைப்சிக்கில் உண்டு, அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். கேட்டாலே நீர்மோர் ஞாபகம்தான் வருகிறது.

தம்பி அடுத்த லீவுக்கு வரும்போது அந்தப் பழைய முறையில் முதிர வைக்கிற சின்ன ஆலை எதிலாவது இரண்டு பாட்டில், கூடவே ஒரு கோஸ, கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பெரியப்பா இப்போதே எந்த மாசம் வருகிறான் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.