போயாக்கா, எர்மிட்டாஜா: இருபது வருடம் காத்திருக்க எது?

இருபது வருடம் படுக்கப்போட்டு வைத்துக் குடிக்க ஒரே ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயின் வாங்கு என்றால், பெரும்பாலோர் கை போர்தோ பக்கம்தான் நீளும், அதிலும் போயாக். தப்பில்லை. 1855 பாரிஸ் கண்காட்சிக்காகத் தயாரான தரவரிசையில் இடம்பெற்ற தோட்டங்களில் 18 இந்த ஒரே ஊரைச் சேர்ந்தவை. லாஃபித்தும் லத்தூரும் அப்போதே முதல் வரிசை. மூத்தோன் 1973-இல்தான் அங்கே ஏறியது.

ஆனால் இதற்குச் சரிக்குச் சரி நிற்கக்கூடிய ஒன்று ரோன் ஆற்றங்கரையில், தாங் லெர்மிட்டாஜ் என்ற சின்ன ஊருக்குப் பின்னால் எழும் ஒரே குன்றில் விளைகிறது. பெயர் எர்மிட்டாஜ். போயாக்கில் கபர்னே சோவினியோன் திராட்சை கையோங்கி நிற்கும், மண் முழுக்கக் கூழாங்கல். எர்மிட்டாஜில் சிரா, குன்றின் மேற்குப் பகுதியில் கருங்கல் பாறை.

இரண்டுக்கும் பழைய உறவு உண்டு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் போர்தோ வியாபாரிகள் நிறமும் கனமும் போதாத தங்கள் ஒயினில் எர்மிட்டாஜைக் கலந்து விற்றார்கள். ஒளித்து மறைத்து அல்ல, கலந்ததற்கு விலையும் கூடுதலாகவே கிடைத்தது. ஒரு ஊர்ப்பெயரில் எந்தத் திராட்சையை விற்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1930-களில் வந்ததும் அது நின்றது. போர்தோவிலேயே மார்கோ ஊரில் உள்ள ஷாத்தோ பால்மர் என்ற தோட்டம் 2004-இலிருந்து அந்தப் பழைய பாணியில் சிரா கலந்து கொஞ்சம் தயாரிக்கிறது. லேபிளில் மார்கோ என்று போட்டுக்கொள்ள முடியாது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

சரி, இளம் பாட்டில்கள் இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுவோம். போயாக் 2016, எர்மிட்டாஜ் 2015 என்றால் இரண்டுமே அந்தந்த இடத்துக்கு அருமையான வருடம், யாரும் சாக்குச் சொல்ல முடியாது. வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்தால் இரண்டும் கருஞ்சிவப்பு, சிராவின் விளிம்பில் ஊதா கொஞ்சம் தூக்கல். முகர்ந்தால் போயாக்கில் பிளாக்கரண்ட், பென்சில் சீவிய வாசனை. திராட்சை சரியாகப் பழுக்காத வருடமாக இருந்தால் பச்சைக் குடமிளகாய் வாடை எட்டிப்பார்க்கும். எர்மிட்டாஜில் ஆலிவ், புகை, பச்சை இறைச்சி, அப்புறம் மிளகு. இந்த மிளகு உவமைக்குச் சொல்வது இல்லை. மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற அதே பொருள் சிரா திராட்சையிலும் இருப்பதாக 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது எவ்வளவு சேர்த்தாலும் மூக்கில் ஏறவே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் “மிளகா? எங்கே?” என்று கேட்டால் கிண்டல் செய்யாதீர்கள்.

எதிர்காலத்தைக் கணிக்க மூக்கு போதாது, வாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பால் விடாத கெட்டித் தேநீர் ஈறை இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையைத்தான் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் செய்கிறது: எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டுகிறது. இளம் போயாக்கில் இந்தத் துவர்ப்பு முதல் மடக்கிலேயே முன்ஈறில் வந்து உட்காரும், எதையும் மறைக்காது. எர்மிட்டாஜ் கொஞ்சம் கள்ளத்தனம் பண்ணும். பழம் முதலில் வந்து வாயை நிறைத்துவிடுவதால், “இப்பவே குடிக்கலாமே” என்று தோன்றும். விழுங்கிப் பத்து விநாடி கழித்துத்தான் பின்நாக்கில் துவர்ப்பு பிடிக்கும். நுனி நாக்கை மட்டும் நம்பி மதிப்பெண் போடுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

துவர்ப்பு நிறைய இருந்தாலே ஒயின் நன்றாக வயதாகும் என்று நினைப்பதும் தவறு. விழுங்கிய பிறகு கவனியுங்கள்: துவர்ப்பு விலகும்போது அடியில் பழச்சுவையும் புளிப்பும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகப் படுக்கப்போடலாம். வெறும் வறட்சிதான் மிச்சம் என்றால் இருபது வருடமும் வீண். காலம் போகப்போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு பங்கு வண்டலாக அடியில் இறங்கும். ஊதா போய்ச் செங்கல் நிறம் வரும். ஆனால் பழமும் அதே காலத்தில் குறைந்துகொண்டுதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் பாதி பாட்டிலை மூடி வைத்து மறுநாள் குடித்துப் பாருங்கள். ஒரு இரவில் காற்றுப் படுவதும் இருபது வருட முதுமையும் ஒன்றல்ல என்றாலும், மறுநாளே சோர்ந்துபோகிற ஒயினை நான் நம்புவதில்லை.

நடுவயதில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். போயாக்கும் சில வருடம் அடங்கிக் கிடக்கும், ஆனால் அதன் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். எர்மிட்டாஜ் பழத்தையும் விட்டு, முதுமையின் மணத்தையும் பிடிக்காமல் ஊமையாகிவிடும். அந்த நேரத்தில் திறந்தவர் ஏமாந்தோம் என்றே நினைப்பார். அதைத் தாண்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும்: தோல், புகையிலை, ஈர மண். பழுத்த எர்மிட்டாஜைக் கண்ணை மூடிக் குடித்துப் போர்தோ என்று சொன்னவர்கள் நிறைய. 1961-ஆம் வருடத்து லத்தூரும், அதே வருடத்து லா ஷப்பேல் என்ற எர்மிட்டாஜ் ஒயினும் ஒயின் பைத்தியங்கள் இன்றும் பெருமூச்சு விடும் பெயர்கள்.

இதெல்லாம் 12, 13 டிகிரியில் அசையாமல் கிடந்தால்தான். சென்னை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஊற்றும்போது 17 டிகிரி போதும்.

காசு விஷயம் சொல்லிவிடுகிறேன். எர்மிட்டாஜ் மொத்தமே 140 ஹெக்டேருக்குள்தான். லாஃபித் என்ற ஒரே தோட்டம் 110 ஹெக்டேர். ஆகவே எர்மிட்டாஜில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை, போயாக்கிலோ அந்த 1855 தரவரிசையின் ஐந்தாம் வரிசைத் தோட்டங்களில் இன்னும் நியாயமான விலை கிடைக்கும். ஒரே பாட்டில்தான் என்றால் நான் போயாக்கையே எடுப்பேன், எப்போது திறப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆறு பாட்டில் வாங்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்க்கும் வசதி இருந்தால் எர்மிட்டாஜ்தான். ஆறுக்குப் பணம் போதாவிட்டால் ஆற்றுக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் தெற்கே, சிரா மட்டுமே போடும் கோர்னாஸ் என்ற ஊரின் ஒயின் இருக்கிறது.