வேதக்கோயில் டியூஷனும் மனு எழுதும் அண்ணாச்சியும்: நாலு வருஷ அனுபவம்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அக்கா போன வாரம் என்னை நிறுத்தி, "அந்த வேதக்கோயில்ல பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்காங்களாமே, அனுப்பலாமா? மதம் மாத்திர மாட்டாங்களே?" என்று கேட்டார். கையில் பால் பாத்திரத்தோடு நின்றபடி பத்து நிமிடம் பேசினேன், அப்பவும் முடியவில்லை. இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்பார்கள், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சர்ச்சைத்தான் எங்கள் பக்கம் வேதக்கோயில் என்போம். அந்தக் கோயில் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே இருக்கிற எல்லாரும் தெரிந்தவர்கள், நாளைக்கும் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு வேதக்கோயில் என்று சொன்னால் அது எது என்று கண்டுபிடிப்பது லேசும் இல்லை.

முதலில் அந்த மதம் மாற்றுகிற சந்தேகம். நாங்கள் பங்குனி உத்திரத்துக்குத் தவறாமல் சாஸ்தா கோயிலுக்குப் போகிற குடும்பம், இந்த நாலு வருடத்தில் ஒரு ஆள்கூட எங்களிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் டியூஷன் ஒரு பாட்டோடும் சின்ன ஜெபத்தோடும்தான் ஆரம்பிக்கும், ஐந்து நிமிடம். என் மகன் பல் தேய்க்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுப்பான், அவன் அப்பா முகத்தைச் சுளிப்பார், ஒரு நாள் பார்த்தால் வண்டி துடைத்துக்கொண்டே அவரும் அதைத்தான் முணுமுணுக்கிறார். அதுவும் வேண்டாம் என்றால் ஆறு மணிக்குப் பதில் ஆறேகாலுக்கு அனுப்புங்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மே மாதம் நடக்கிற வி.பி.எஸ். அப்படி இல்லை. விடுமுறை வேதாகமப் பள்ளி என்று பெயரிலேயே இருக்கிறது, பைபிள் கதைதான், வசனம் மனப்பாடம்தான். டியூஷன் மாதிரி என்று நினைத்து அனுப்பிவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள்.

டியூஷன் திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறிலிருந்து எட்டு, ஞாயிறு பள்ளி நடக்கிற ஹாலில் பாய் விரித்து. காசு கிடையாது. ரிட்டையர் ஆன இரண்டு டீச்சர்கள், அவர்களோடு கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர். கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது என் மகனுக்கு வகுத்தல் சுத்தமாக மறந்திருந்தது. அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எங்கள் பக்கம் கொஞ்ச நாள் நடந்து நின்றுபோனது, அதற்கப்புறம்தான் இங்கே விட்டேன். கணக்கு டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. கணக்கை மூன்று தரம் சத்தமாக வாசித்து, அது என்ன கேட்கிறது என்று பிள்ளை தன் வாயால் சொல்கிற வரைக்கும் பென்சிலைத் தொட விடமாட்டார். முதல் வாரம் பார்த்துவிட்டு இது என்னடா பாடம் என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் அவன் கரண்டு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

அதே சமயம் பத்தாம் வகுப்புக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். இங்கிலீஷுக்கும் அறிவியலுக்கும் ஆள் போதாது, செமஸ்டர் பரீட்சை வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். அறுப்பின் பண்டிகை வாரம், கன்வென்ஷன் நாட்கள், பரிசுத்த வாரம் எல்லாம் டியூஷன் கிடையாது, அதை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார்கள். மழையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியது எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

தையல் வகுப்பு பற்றி அதிகம் சொல்ல இல்லை. மிஷின் மூன்று, அதில் ஒன்று பெல்ட் அறுந்து ஒரு வருடமாகத் துணி போட்டு மூடிக் கிடக்கிறது, பன்னிரண்டு பேருக்கு மீதி இரண்டு. பாதிரியாரை இங்கே ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அவர் ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் இடையன்குடி கதையைச் சொல்லுவார்: கால்டுவெல் ஐயர் 1841-ல் அந்தத் தேரிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், பிறகு அவருக்கு மனைவியாக வந்த எலைசா அம்மா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும், பனையை நம்பிப் பிழைத்த வீடுகளில் பெண்கள் கையில் தனிக் காசு புழங்க ஆரம்பித்ததும். நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கதையில் பின்னினதை வாங்க ஆள் இருந்தது. இங்கே ஆறு மாதம் கற்றுக்கொண்டு வெளியே வந்தால் ஆர்டர் எங்கே பிடிப்பது என்று சொல்ல ஆள் இல்லை. சொந்தமாகச் சட்டை தைக்கப் போதும், பிழைக்கப் போதாது.

இப்போது அண்ணாச்சி. நான் எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான், இதைப் பற்றி அவர்கள் நோட்டீசில் ஒரு வரிகூடப் போடுவதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கோயில் வராந்தாவில் ஒரு மேஜை போடுவார்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருவர் வந்து உட்காருவார். மேஜையில் பசை டப்பா, மை பேட், சின்னக் கத்தரிக்கோல், அப்புறம் ஒரு பாட்டிலில் கோவில்பட்டி கடலை மிட்டாய், காத்திருக்கிற பிள்ளைகளுக்கு. மனு எழுதித் தருவார், படிவம் நிரப்புவார், எந்த ஆபீசில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் கொடுக்க ஆரம்பித்தபோது நிராகரிப்பு மெசேஜ் வந்தவர்கள் அந்த மேஜை முன்னால்தான் வரிசை கட்டினார்கள். முப்பது நாளைக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடலாம் என்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் எதிர்வீட்டு ஆச்சியை ஒரு தரம் கூட்டிக்கொண்டு போனேன். தனிக்கட்டை. ஐம்பது வருடம் பீடி சுற்றின கை. ரேஷன் கடை மிஷினில் ரேகை விழவில்லை என்று இரண்டு மாதமாக அலைய விட்டிருந்தார்கள். அண்ணாச்சி எதுவும் எழுதவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கையக் காட்டுங்க ஆச்சி" என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புழங்கித் தேய்ந்த காசு மாதிரி வழவழவென்று இருந்தன. ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சுத்தும்போது மோதிர விரல் இலையில படுமா?" என்று கேட்டார். ஆச்சி வெறும் கையால் காற்றில் ஒரு பீடி சுற்றிப் பார்த்துவிட்டு, "அவ்வளவா படாதுய்யா" என்றார். "அப்போ நாளைக்குக் கைய நல்லா கழுவி, ஈரம் போகத் துடச்சிட்டு, மோதிர விரல வைங்க. விழலன்னா கண்ண வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அதுவும் முடியலன்னா அடுத்த சனி வாங்க, மனு போடுவோம்."

மறுநாள் இடது கை மோதிர விரலில் விழுந்தது. அரிசி, பருப்பு, பாமாயில் எல்லாம் வந்தது. அப்புறம் முதியோர் உதவித்தொகைக்கும் அவரே எழுதிக் கொடுத்தார், அது கிடைக்க எட்டு மாதம் ஆனது, அந்தத் தாமதம் அண்ணாச்சி கணக்கில் சேராது. இப்போது மாதம் 1200 ரூபாய் வருகிறது. ஆச்சி அவருக்கு ஒரு சீப்பு பழம் கொண்டுபோனார், இரண்டு பழத்தைப் பிய்த்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாராம்.

இனி மனக்குறை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஐம்பது குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுப்பார்கள், அஞ்சு கிலோ அரிசி, வெல்லம், ஒரு சேலை. இதற்குத்தான் ஃபிளக்ஸ், இதற்குத்தான் மைக், இதற்குத்தான் போட்டோ. பையை வாங்கி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்க வேண்டும். என் கணவருக்குக் கால் முறிந்து வேலைக்குப் போகாமல் இருந்த வருடம் எங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. பதிவு செய்ய நோட்டோடு உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர் அத்தனை பேர் முன்னால், "மாச வருமானம் எவ்வளவும்மா, கடன் ஏதும் இருக்கா?" என்று ஹாலின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பின்னால் நின்றது என் மகளின் கிளாஸ் டீச்சர். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஐயரம்மா வீட்டுக்கே வந்தார், நான் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். அடுத்த வருடத்திலிருந்து பதிவு தனி அறையில் நடக்கிறது. போட்டோ மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஆள் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற அந்தப் பையைவிட, கேட்காமல் செய்தது ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி ஏறி வந்து ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள் புகுந்தபோது ஹாலைத் திறந்து விட்டார்கள். அசனம் என்கிற சபை விருந்துக்கு எடுக்கிற பெரிய அண்டாக்கள் வெளியே வந்தன. யார் என்ன சாதி, எந்தக் கோயில் என்று பார்க்காமல் மூன்று நாள் சாம்பார் சாதம், உப்புமா, கட்டங்காப்பி. ஒரு போட்டோகூட இல்லை, எவன் போனில் சார்ஜ் இருந்தது! கேரல் பாட்டுக்கு வீடு வீடாகப் போக வேண்டிய பையன்கள் பாய் சுமந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அண்ணாச்சியின் மேஜை சனிக்கிழமை மட்டும் இல்லாமல் தினமும் போடப்பட்டது, ஆதாரும் பட்டாவும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் ஊறிப்போனவர்கள் அவ்வளவு பேர்.

"இதுக்கெல்லாம் வெளிநாட்டுப் பணம் வருதுல்லா?" என்று கேட்பவர்களுக்கு. வரவில்லை. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்று ஒன்று, சபைகள் மூலமாக ஸ்பான்சர் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போனது, கிட்டத்தட்ட 1,45,000 பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்தது நின்றது. என் தங்கை ஊரில் அப்படி நடந்த மையம் ஒரே மாதத்தில் பூட்டப்பட்டது. எங்கள் தெருவில் இருப்பது பிடி அரிசியில் ஓடுகிறது. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, ஞாயிறு கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்புறம் அறுப்பின் பண்டிகை ஏலம். நாற்பது ரூபாய் பூசணிக்காயை ஒருவர் எண்ணூறுக்கு எடுத்து, திரும்ப அதையே காணிக்கையாக வைக்க, இன்னொருவர் அறுநூறுக்கு எடுக்க, கடைசியில் அந்தக் காய் யார் வீட்டுக் குழம்பில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. கோட்டைக்குள் கிளாரிந்தா அம்மா கட்டின கோயில் 1785-ல் வந்தது, 1820-ல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் பத்து வருடத்தில், ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் ஆரம்பித்தார், அதற்கும் இங்குள்ள ஜனங்கள்தான் காசு போட்டார்கள்.

சரி, ஸ்டார் கேட்டால்: டியூஷனுக்கு நாலு, எட்டாம் வகுப்பு வரைக்கும். தையலுக்கு இரண்டு. மளிகைப் பைக்கு இரண்டரை, போட்டோவை நிறுத்தினால் நாலு. அண்ணாச்சிக்கு அஞ்சு, கூட ஒரு கடலை மிட்டாய்.

போகிறவர்கள் சனிக்கிழமை ஒன்பதரைக்கே போய்விடுங்கள், டோக்கன் இருபதோடு நிறுத்திவிடுவார். ஆதார், ரேஷன் கார்டு நகல் இரண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பதினொரு மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்க மாட்டார்.