'எஃப்.சி. நாங்க பார்த்துக்கிறோம்' என்று சொல்லும் பட்டறையில் கேபின் மாற்றாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பத்துச் சக்கர லாரி ஒன்று, திருமயம் ரோட்டில் மோதி முன்பக்கம் நசுங்கிப்போனது. பட்டறையில் சொன்னது இது: "புதுக் கேபின் எதுக்குண்ணே? உடைச்ச வண்டிக் கேபின் ஒண்ணு நல்லா இருக்கு. நாலு நாள்ல ஏத்திடலாம். எஃப்.சி. நாங்க பார்த்துக்கிறோம்." கேபின் ஏறியது, பெயின்ட் அடித்தார்கள், பணமும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போன அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கதவைத் திறந்து, தூணில் ரிவிட் அடித்திருந்த சின்னத் தகட்டைப் படித்தார். அதிலிருந்த 17 எழுத்துச் சேஸ் நம்பர் வேறு வண்டியுடையது. லாரி அங்கேயே நின்றுவிட்டது. பட்டறைக்குப் போன் போட்டால், "அந்தத் தகட்டை முதல்லயே பிடுங்கிப் போட்டிருக்கலாமே" என்று பதில். அப்படிச் செய்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுத்திருக்கும்.

நம்ம ஊரில் இடித்த வீட்டு நிலைக்கதவை விலைபேசி எடுத்து இன்னொரு வீட்டில் நிறுத்தலாம், யாரும் பட்டா கேட்க மாட்டார்கள். லாரி கேபின் அப்படியில்லை.

அதே மாடல், அதே வகைக் கேபினை மாற்றுவது தப்பே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததோடு ஒத்துப்போகாமல் ஆகும்படி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை. முகப்பு மட்டும் வந்த வண்டிக்கு முழுக் கேபின், படுக்கை இல்லாததற்குப் படுக்கை வைத்த கேபின், சீட் எண்ணிக்கை கூடுவது எல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டிய வேலை. அனுமதி இல்லாமல் நடந்துவிட்டால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும். நிறம் மாறினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். விதிக்குப் புறம்பான மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அது பட்டறைக்காரருக்கு இல்லை, உரிமையாளருக்கு.

எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடை 28,500 கிலோ என்றால், கேபின் 150 கிலோ கூடினால் ஏற்றும் சரக்கில் 150 கிலோ குறையும். அனுமதித்த மொத்த எடை அதற்காக உயராது. வேலைக்கு முன்னும் பின்னும் காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி இரண்டு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொய்யும் ஓடுகிறது: "இனிமே ஏ.சி. கேபின் இல்லாம எஃப்.சி. கிடைக்காது." ஏ.சி. கட்டாயம் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான். பழைய வண்டிக்காரரிடம் இதைச் சொன்னால், விற்பனைக்காகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புகை அளவு விதிப்படி பி.எஸ்.6 ஆன வண்டிக்கு, அதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டியின் கேபினைப் பொருத்தினால் போல்ட் உட்காரும், ஒயரிங் உட்காராது. டேஷ்போர்டு, புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவத்துக்கான எச்சரிக்கை விளக்கு, கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் ஓ.பி.டி. சாக்கெட் எல்லாம் வேறு. ஒயரை வெட்டி ஒட்டுகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சேஸ் நம்பர்தான் வண்டியின் உயிர். பெரும்பாலும் முன்பக்கம் வலது சேஸில் (அடிச்சட்டத்தில்) வெட்டியிருக்கும். கேபின் பிராக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது அதன்மேல் கிரைண்டர் படும், இல்லையென்றால் கறுப்புப் பெயின்ட் அடித்து மூடிவிடுவார்கள். வேலைக்கு முன்பே எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, தேதியோடு போட்டோவும் எடுங்கள். எண்மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். பெயின்ட் பட்டுவிட்டால் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டால் எழுத்து மழுங்கி, திருத்திய எண் போலத் தெரியும்.

கேபினோடு முன்கண்ணாடியும் மாறுவதால் அதில் ஒட்டிய ஃபாஸ்டாக்கும், 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி என்றால் உள்பக்க நம்பர் ஸ்டிக்கரும் போய்விடும். இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் இருந்தால் சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பைனான்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பழைய கேபின் வாங்குவதானால் ஜி.எஸ்.டி. பில்லில் 8707 என்ற குறியீடும், அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதும் இருக்க வேண்டும். கூடவே அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதற்கான சான்றின் நகல். இதைத் தர மறுக்கும் கடையில் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கழற்றிய கேபினை பட்டறையிலேயே விட்டுவருவது வழக்கம். அதில் உங்கள் தகடும், கதவில் எழுதிய உங்கள் நம்பரும் அப்படியே இருக்கும். தகட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் புதுக் கேபினில் நீங்களே ரிவிட் அடிக்காதீர்கள். இன்ஸ்பெக்டரிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கதவு எழுத்தைச் சுரண்டி அழித்து, போட்டோ எடுத்த பிறகே பழைய இரும்புக்குப் போடுங்கள்.